சர்வர் சுற்றும் நேரத்தில் கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் தாலுகா ஆபீஸ் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இ-சேவை, பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், பரீட்சை விண்ணப்பம் எல்லாம் உண்டு. சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும்போது வந்தவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே. போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, "இது நெசமாண்ணா?" என்பார்கள். அங்கே தொடங்கும் பேச்சு தக்காளி விலை, தேர்தல், பக்கத்து வீட்டுப் பெண்ணின் ரீல்ஸ் என்று எங்கெங்கோ போகும். பதினோரு வருஷமாக அதே கேள்விகள், அதே பதில்கள். தொண்டை காய்ந்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். எல்லாமே சொந்தக் கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்கள் கடைக்கு வந்து சண்டை போடலாம், டீ என் செலவு.

வாட்ஸ்ஆப்பில் வந்த வீடியோ உண்மையா, பொய்யா? எப்படிக் கண்டுபிடிப்பது?

2024 டிசம்பர் முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் பக்கம் கரையேறி, உள்ளே நகர்ந்து நம் தலையில் கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் தீப்பெட்டி மாதிரி உருட்டிக்கொண்டு போன வீடியோ அன்று காலையே என் போனுக்கு வந்துவிட்டது. கடையில் நின்ற பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றது தம்பி, ஊத்தங்கரையில ஏது இவ்ளோ தண்ணி" என்றார். ஆனால் அந்த வீடியோ உண்மை. நாலு நாள் கழித்து அதே வீடியோ வேறொரு ஊரின் பெயரோடு வந்தது. அதே பெரியவர், "பாத்தியா, அங்கயும் வெள்ளம்" என்று உச்சுக்கொட்டினார். இந்தத் தடவை அது பொய்.

அதனால் "உண்மையா" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம். எந்த ஊர், எந்த நாள், எடுத்தவர் யார் என்பது மீதி. நான் முதலில் பார்ப்பது வண்டி நம்பர். டி.என். 29 என்றால் தருமபுரி, 24 கிருஷ்ணகிரி, 70 ஓசூர். "தருமபுரியில் நடந்த கொடுமை" என்று போட்டிருக்கும், பின்னால் நிற்கிற ஆட்டோவெல்லாம் வேறு மாநில நம்பராக இருக்கும். அடுத்து கடை போர்டு, பஸ் பெயர்ப் பலகை. செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது, அனுப்பியவருக்கே அதன் அப்பா அம்மா தெரியாது.

இதற்கெல்லாம் மேலே ஒரு வழி இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் எந்த ஊரை எடுத்தாலும் நமக்கு ஒரு மச்சானோ சித்தியோ இருப்பார்கள். ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். ஊத்தங்கரை வீடியோவை நான் அப்படித்தான் உறுதி செய்தேன். அங்கே இருக்கும் என் மச்சான், "மொட்டை மாடியில நிக்கறேன் மாமா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

ஒகேனக்கல் வீடியோவுக்குத் தனிக் கணக்கு. கபினியும் கே.ஆர்.எஸ்.ஸும் நிரம்பித் திறந்துவிட்டால் ஆடி மாதம் இங்கே வெள்ளம் வருவது வழக்கம். பிலிகுண்டுலுவில் அளந்து, வினாடிக்கு இத்தனை கன அடி என்று தினமும் செய்தியில் சொல்வார்கள். அன்றைய அளவு ஏதோ சில ஆயிரம் என்று இருக்கும்போது மெயினருவி, ஐந்தருவி எல்லாம் மூழ்கிக் காணாமல் போன வீடியோ வந்தால் அது போன வருஷத்துச் சரக்கு. இதை நம்பி டூரிஸ்ட் வராமல் போனால் பரிசல் ஓட்டுகிறவர்களுக்குத்தான் வயிற்றில் அடி.

ஒரு ஃபார்வேர்டுதானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது?

2018 மே மாதம். வடநாட்டுக் கும்பல் குழந்தை கடத்துகிறது என்று குரல் பதிவுகள் நம் பக்கத்து மாவட்டங்கள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டுப் போன சென்னைக் குடும்பம் ஒன்று காரை நிறுத்தி, அங்கே விளையாடிய பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. அவ்வளவுதான். ஊர் கூடி அடித்ததில் வயதான அம்மா ஒருவர் இறந்துபோனார். இதேபோல நாட்டில் வேறு இடங்களிலும் நடந்த பிறகுதான் அந்த வருஷம் ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்ஆப் செய்தது. குரல் பதிவை அனுப்பிய அத்தனை பேரும் "குழந்தைகளைக் காப்பாத்தத்தான் அனுப்பினேன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

2023 மார்ச்சில் நடந்தது எனக்கு இன்னும் கிட்டத்தில் தெரியும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு மாநிலத்தில் வேறு காரணத்துக்கு நடந்த கொலையையெல்லாம் இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். பீகார் அரசே ஒரு குழுவை அனுப்பிப் பார்த்துவிட்டுப் போனது. அந்த வாரம் கிரானைட் பட்டறையில் வேலை செய்யும் பையன்கள் மூன்று பேர் ஊருக்கு டிக்கெட் கேட்டு என் கடைக்கு வந்தார்கள். "உங்களை யாராவது ஏதாவது செய்தார்களா?" என்று கேட்டேன். "இல்ல பாய், ஓனர் நல்லவர். அம்மா போன்ல அழுது" என்றான் ஒருவன். எந்தப் பிரச்சினையும் இல்லாத ஊரிலிருந்து அவர்கள் கிளம்பிப் போனார்கள். அந்த மூவரில் ஒருவன் மட்டும்தான் திரும்பி வந்தான்.

குரூப்பில் யாராவது தப்பாகப் போட்டால் அட்மினைப் பிடிப்பார்களா?

போட்டவர்தான் பொறுப்பு. அட்மினுக்கு அதில் பங்கு இருந்தால் ஒழிய, அட்மினாக இருக்கிறார் என்பதற்காக மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-லும் கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் இப்படித்தான் சொல்லியிருக்கின்றன. அதற்காகத் தூங்கிவிடாதீர்கள். பார்த்தவுடன் நீக்கிவிட்டு, போட்டவருக்குத் தனியாகச் சொல்லுங்கள். பொதுவில் திட்டினால் அவர் அதைவிடப் பெரிதாக இன்னொன்று போடுவார்.

ஜாதிப் பேச்சு வந்தால் என்ன செய்வது? வெளியே வந்துவிடலாமா?

இந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்க மாட்டார்கள். கடையில் ஆள் குறைந்த பிறகு கேட்பார்கள்.

எங்கள் ஊர் குரூப்பை ஆரம்பித்தது தண்ணீர் டேங்க் மோட்டார் ரிப்பேர் ஆனதைச் சொல்வதற்காக. இப்போது அதில் மோட்டார் பற்றி மாதத்துக்கு ஒரு செய்தி வருகிறது. மீதியெல்லாம் ஆண்ட கதையும் வீர வசனமும். போடுகிறவர்கள் பெரும்பாலும் பத்தொன்பது, இருபது வயசுப் பையன்கள். நேரில் பார்த்தால் "அண்ணா, ஒரு பென்சில் கொடுங்கண்ணா" என்று தலை குனிந்து கேட்கிற பையன்கள்தான்.

2012 நவம்பர் 7 நம் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. ஒரு காதல் கல்யாணத்தை ஒட்டி, நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட தலித் வீடுகள் எரிக்கப்பட்டன. அன்று நம் ஊர்களில் ஆளுக்கொரு ஸ்மார்ட்போன் கிடையாது. இன்று இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு இரவில் தூக்கம் போகிறது.

நான் வெளியே வருவதில்லை. "அந்தத் தெருப் பசங்க" என்று யாராவது போட்டால், "எந்தப் பையன்? பேரைச் சொல்லு, அவங்க அப்பாகிட்ட நான் பேசறேன்" என்று கேட்பேன். முக்கால்வாசி நேரம் பதிலே வராது. தெருவுக்குப் பெயர் வைத்துப் பேசுவது சுலபமாக இருக்கிறது, ஒரு ஆளின் பெயரைச் சொல்லச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

அப்புறம் வாச்சாத்தி. அரூர் பக்கத்து மலையடிவார ஊர். 1992 ஜூன் 20-ம் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்த நேரத்தில் வெளியில் சொல்லப்பட்டது என்ன? அந்த ஊரே கடத்தல்காரர்கள், அவ்வளவுதான். என் பெரியப்பாவே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். 2011-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதில் 54 பேர் அதற்குள் இறந்தே போயிருந்தார்கள். அப்பீலை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தோரு வருஷம். தீர்ப்பு வந்த அன்று பெரியப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அப்ப பேப்பர்ல அப்படித்தான்டா போட்டான்" என்றார்.

எங்கள் மாவட்டத்தைப் பற்றி மீம் போடுகிறார்கள். சிரித்துவிட்டுப் போகலாமே?

"தருமபுரிக்கு மாற்றிவிடுவேன்" என்று மேலதிகாரி மிரட்டுகிற ஜோக்குக்கு நானே சிரிப்பேன். பல்லைப் பற்றிய ஜோக்குக்குச் சிரிக்க மாட்டேன்.

பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும்போது நான் வழக்கமாக "லேசா சிரிங்க" என்பேன். பென்னாகரம் பக்கத்திலிருந்து நர்சிங் சேர வந்த ஒரு பெண் உதட்டை இறுக்கிக்கொண்டு, "பல்லு தெரியாம எடுங்கண்ணா" என்றாள். பழுப்புக் கறை. பல் விளக்காததால் வந்தது இல்லை அது. நம் பாறைத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போன தண்ணீரைக் குழந்தையிலிருந்து குடித்தால், பல் உள்ளே உருவாகும்போதே கறை உட்கார்ந்துவிடும். முளைத்த பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இன்னும் அதிகமானால் எலும்பையே வளைக்கும். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-ல் தண்ணீர் விட்டார்கள். அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீரே கிடைத்து வந்தால் பல் வெள்ளையாக இருக்கும். அதற்கு முன்னால் பிறந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு ரீல்ஸில் நம் பக்கத்துப் பையன் பாடியிருந்தான், நன்றாகவே பாடியிருந்தான். கீழே முந்நூறு பேர், முக்கால்வாசி பல்லைப் பற்றி. அதில் நம் ஊர்க்காரர்களும் இருந்ததுதான் எனக்கு வலித்தது.

தக்காளி விலை ஏறினால் விவசாயி கோடீஸ்வரன், இறங்கினால் ரோட்டில் கொட்டுகிறான். எதை நம்புவது?

இரண்டையும். இரண்டும் ஒரே ஆள்தான், நடுவில் மூன்று மாதம்.

2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் அரசாங்கம் அறுபது ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. எல்லார் ஸ்டேட்டஸிலும் தக்காளிக்குப் பாதுகாப்பு, தக்காளிக்குப் பூட்டு என்று ஒரே ஜோக்கு. பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டியில் அந்த வாரம் பெட்டியோடு நின்றவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. விளைச்சல் இல்லாததால்தானே விலையே ஏறியது? பத்துப் பேரில் ஒருவரிடம் காய் இருந்தது. அவர் பணம் பார்த்தார், மற்ற ஒன்பது பேர் அவரைப் பார்த்தார்கள்.

அதைப் பார்த்த ஒன்பது பேரும் உடனே நாற்று வாங்கி நட்டார்கள். நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் காய் வந்துவிடும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வரும். வைத்து விற்கிற பொருளா அது? என் தாய்மாமா ஒரு ஏக்கர் போட்டார். குச்சி நட்டு, சணல் கட்டி, மருந்தடித்து, பறிக்க ஆள் கூப்பிட்டு, மண்டிக்கு வண்டி வைத்து, கமிஷன் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் கையில் இருந்ததை எண்ணிப் பார்த்தார். மறுநாள் பறிக்க ஆள் கூப்பிடவில்லை. மாட்டை அவிழ்த்துத் தோட்டத்தில் விட்டார். "கூலியாவது மிச்சம்" என்றார். அதை வீடியோ எடுத்துப் போட்டிருந்தால் லட்சம் பேர் பார்த்திருப்பார்கள், அவருக்கு அது தோன்றவில்லை.

மாங்காய் இன்னும் மோசம். 2025-ல் கிருஷ்ணகிரியில் பெங்களூரா கிலோ நாலைந்து ரூபாய்க்கு இறங்கியது. கூழ் ஃபேக்டரி வாங்கினால்தான் அந்த ரகத்துக்கு விலை, அவர்கள் கையை விரித்தால் வேறு போக்கிடம் இல்லை. தக்காளியாவது அடுத்த போகம் வேறு பயிர் வைக்கலாம். முப்பது வருஷத்து மாமரத்தை என்ன செய்வது? "வேற பயிருக்கு மாற வேண்டியதுதானே" என்று கருத்துப் போட்டவரை ஒரு நாள் கடைக்கு வரச் சொன்னேன். இன்னும் வரவில்லை.

மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்து மக்களைச் சோம்பேறி ஆக்குகிறார்களா?

2023 ஜூலை 24-ம் தேதி நம் தொப்பூரில்தான் முதலமைச்சர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமைத் தொடங்கிவைத்தார். செப்டம்பர் 15-லிருந்து பணம் வந்தது. அந்த இரண்டு மாதமும் என் கடையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சோம்பேறிகள் யாரும் வரவில்லை. களை எடுத்த கையோடு, நகத்தில் மண்ணோடு வந்தார்கள். வந்த பணம் போகிற இடம் எனக்கு ஓரளவு தெரியும். போன் ரீசார்ஜ் என்னிடம்தான் போடுகிறார்கள். சர்க்கரை மாத்திரை, மாட்டுத் தீவனம், பேத்திக்கு நோட்டு. மாரண்டஅள்ளி பக்கத்துப் பாட்டி ஒருவர் முதல் மாதப் பணத்தில் தனக்கென்று ஒரு ஜோடி செருப்பு வாங்கிவிட்டு, கடைக்கு வந்து காலைக் காட்டிவிட்டுப் போனார். பிள்ளைகள் சம்பாதிக்கிற வீடுதான். ஆனால் செருப்புக்கு அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. அப்போதைய விதிப்படி டிராக்டர் இருந்தால் கிடையாது. ஓடாமல் களத்தில் துருப்பிடித்து நிற்கிற டிராக்டர், ஆர்.சி. புத்தகம் மட்டும் உயிரோடு இருக்கிறது. அதனால் தள்ளுபடி ஆனவர்களுக்கு என்னால் விளக்கம் சொல்ல முடியவில்லை. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வந்த ஆயிரத்தில் கை வைத்த வங்கியும் உண்டு. இதையெல்லாம் யாரும் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. இலவச கரண்டில் மோட்டார் ஓடவிட்டு, கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு "இலவசம் நாட்டைக் கெடுக்குது" என்று ஃபார்வேர்டு செய்கிற என் சொந்தக்காரர் ஒருவர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

வயசுக்கு வந்த பெண்ணுக்குப் போன் வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுங்கள். பையனுக்கு வாங்கிக் கொடுக்கும்போது இந்தக் கேள்வியோடு யாரும் வரவில்லை.

பயம் எனக்குப் புரிகிறது. போட்டோவை எடுத்து மாற்றி அசிங்கம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடந்தால் பெண்ணை அடிக்காமல், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். சைபர் கிரைம் உதவி நம்பர் 1930-க்குக் கூப்பிடலாம், ஆன்லைனிலும் கொடுக்கலாம், நானே பதிந்து தருகிறேன், காசு வேண்டாம். பெண் பயந்து வீட்டில் சொல்லாமல் மறைப்பதுதான் மிரட்டுகிறவனுக்கு மூலதனம்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். ஒரு அப்பா பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கொடுத்து, "பிறந்த வருஷம் மட்டும் ஒண்ணு கம்மி பண்ணி ஒரு ஜெராக்ஸ் போட்டுக் கொடு தம்பி, மண்டபத்துல கேக்கறாங்க" என்றார். பெண் பக்கத்திலேயே நின்று என் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். பதினெட்டு முடியாமல் கல்யாணம் செய்தால் 2006 சட்டப்படி குற்றம், செய்து வைக்கிறவர்களுக்கும் தண்டனை உண்டு என்று சொன்னதற்கு, "உன் வேலையைப் பாரு" என்று திட்டிவிட்டுப் போனார். அவர்கள் படியிறங்கும்போது சுவரில் ஒட்டியிருந்த 1098 என்கிற குழந்தைகள் உதவி நம்பரை அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் கையில் போன் இல்லை.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று போன் வந்தால்?

சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. வைத்துவிடுங்கள்.

ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்து, "கலர் பிரிண்ட் போடு" என்று ஒரு ஃபைலைக் காட்டினார். அரசு முத்திரை, சிவப்பு சீல், அவர் பெயரில் கைது வாரண்ட். அவர் சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தால் இன்னொரு போன், கேமரா வெளியே தெரிகிற மாதிரி. அதில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்! வீடியோ காலில் இருந்துகொண்டே வந்திருக்கிறார். வெளியே சொன்னால் உடனே கைது என்று சொல்லியிருக்கிறான். போனை வாங்கி அணைத்தேன். அதற்கு முன்னாலேயே ஒரு தொகை போயிருந்தது. 1930-ஐக் கூப்பிட்டுச் சொன்னோம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அவருக்குக் கொஞ்சம் திரும்பி வந்தது. நாற்பது வருஷம் பாடம் நடத்தியவர் ஏமாந்தாரே என்று கடையில் ஒருவர் சிரித்தார். பொய்யே சொல்லாதவர்களுக்கு எதிரில் இருப்பவன் சொல்வது பொய் என்று சட்டென்று தோன்றுவதில்லை.

ரம்மி ஆப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டமே வந்து பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்துவிட்டது. "வேற ஆப் இருக்குண்ணா, லிங்க்ல வருது" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, ரீசார்ஜும் இல்லை.

தொப்பூரில் விபத்தைப் பார்த்தால் வீடியோ எடுப்பது தப்பா? ஆதாரம்தானே?

முதலில் 108. வீடியோ அப்புறம்.

தொப்பூர் கணவாயில் ஏன் இத்தனை விபத்து என்று எல்லா டிரைவருக்கும் தெரியும். நீண்ட இறக்கம், வளைவு. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிற லாரிகள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது. 2020 டிசம்பரில் ஒரு லாரி அடுத்தடுத்து வண்டிகள் மேல் ஏறி நாலு பேர் இறந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் உதவினால் போலீஸ் கேஸில் மாட்டிக்கொள்வோம் என்று இன்னும் பயப்படுகிறார்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள்: நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்குப் போட முடியாது, பெயர் விலாசம் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. வீடியோ எடுப்பதானால் வண்டி நம்பரை எடுங்கள். அடிபட்டவர் முகம் எதற்கு? அவர் மனைவிக்கு அந்தச் செய்தி உங்கள் ஸ்டேட்டஸ் வழியாகவா போக வேண்டும்?

ஓசூரில் விமான நிலையம், மொரப்பூர் ரயில் எல்லாம் வருமா?

ஓசூர் விமான நிலையத்தை 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2,000 ஏக்கர், வருஷத்துக்கு மூன்று கோடிப் பயணிகள். பெங்களூரு விமான நிலையத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொன்று வரக் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதைத் தாண்ட வேண்டும். அதற்குள் "விமான நிலையத்துக்கு மிக அருகில்" என்று மனை போர்டுகள் வந்துவிட்டன. விமானம் எந்த ஊரில் இறங்கும் என்று முடிவாவதற்கு முன்னாலேயே வந்த போர்டுகள் எதற்கு அருகில் என்று யாராவது கேட்டுச் சொன்னால் நல்லது.

மொரப்பூர்–தருமபுரி பாதையை 1941-ல், உலகப்போர் சமயத்தில், பிடுங்கினார்கள். 36 கிலோமீட்டர். திரும்பப் போடுவதற்கு அடிக்கல் நாட்டியது 2019-ல். என் தாத்தா சின்னப் பையனாக அதில் ஏறியிருக்கிறார். ரயில் வந்தால் முதல் நாள் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நீங்கள் எந்தக் கட்சி?

தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிக்காரர்களும் என்னிடம்தான் நோட்டீஸ் ஜெராக்ஸ் போடுகிறார்கள். பாக்கி வைக்காத கட்சி எதுவோ அது என் கட்சி. இன்னும் அப்படி ஒன்று வரவில்லை.

இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் தப்பாக எதையும் அனுப்பியதே இல்லையா?

அனுப்பியிருக்கிறேன். "அவசரம், ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை, தருமபுரி" என்று ஆஸ்பத்திரி பெயர், வார்டு நம்பர், போன் நம்பரோடு ஒரு செய்தி வந்தது. நல்ல காரியம்தானே என்று பதினைந்து குரூப்புக்குத் தட்டிவிட்டேன். சாயங்காலம் எங்கள் தெருப் பையன், அவனுக்கு அந்த குரூப்பு ரத்தம்தான், வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கிளம்பித் தயாராக வந்து நின்றான். சரி, ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அந்த நம்பருக்குப் போட்டேன். எடுத்தவர் குரலில் கோபமே இல்லை.

"எங்க அப்பாவுக்குத்தான் கேட்டிருந்தோம் சார். அவர் போயி மூணு வருஷம் ஆச்சு. இன்னும் தினம் ரெண்டு மூணு போன் வருது. நம்பரை மாத்திடுன்னு வீட்ல சொல்றாங்க. அப்பா போன் சார் இது, மாத்த மனசு வரல."

தேதியே இல்லாத செய்தி அது. நான் பார்க்கவில்லை. பதினைந்து குரூப்பிலும் திரும்பப் போய், "ரத்தம் வேண்டாம், பழைய செய்தி, தயவுசெய்து அந்த நம்பருக்குக் கூப்பிடாதீர்கள்" என்று போட்டேன். முதல் செய்தியை அன்றே நாற்பது பேர் வேறு எங்கெங்கோ அனுப்பியிருந்தார்கள். இரண்டாவதை யாரும் அனுப்பவில்லை. போன மாதம் அதே செய்தி, அதே நம்பரோடு, சேலத்திலிருந்து என் சித்தப்பா அனுப்பினார்.